லாக்ஸ் திறக்கிற புதன்கிழமை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். விட்டிருந்தால் ஒருவரும் வந்து ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கமாட்டார்கள். நான் எழுதுகிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தை ஊரில் ஒரு பாதியிலும் டென்மார்க்கில் இன்னொரு பாதியிலும் விட்டவன்; இரண்டு பாதியையும் கூட்டினாலும் ஒரு முழுப் படிப்பு வரவில்லை. ஆனால் பனிக்கால டயர் கழற்றுகிற கூட்டம் முடிந்து இந்தக் கிழமை கடையில் வேலை இல்லை. முதலாளி விடுமுறையில். கோப்பி இருக்கிறது, கதிரை இருக்கிறது, கை சும்மா இருக்கிறது.

இது ஓர் ஆளைப் பற்றியது; பெயர் சொல்லப்போவதில்லை. டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற கிரின்ஸ்டெட்டில் அவரை எல்லோரும் 'அண்ணை' என்றார்கள். அவருக்கு மூத்தவர்களும் அண்ணை என்றார்கள். அவரோ எல்லோரையும் 'நீர்' என்றார். முப்பது வயது இளையவனான என்னையும் நீர். வீட்டுப் பூனையையும் நீர். "நீர் மேசையாலை இறங்கும்" என்று அதற்குச் சொல்லி என் காதால் கேட்டேன். பூனை இறங்கியது. நானாக இருந்தால் இறங்கியிருக்கமாட்டேன்.

அவருடைய குணத்தைச் சொல்ல ஒரு வசனம் போதும். எழுதிக் கிடந்தால் அதன்படி செய்வார்.

எங்கள் ஆட்களின் கலியாண அழைப்பிதழில் ஒன்பது மணி என்று போட்டிருந்தால் மேளகாரர் பத்தரைக்கு வருவார், சனம் பதினொன்றுக்கு வரும். அது பிறந்த குழந்தைக்கும் தெரியும். இவர் எட்டு ஐம்பத்தைந்துக்கு மண்டப வாசலில் நிற்பார், கோட்டும் சூட்டுமாக. பக்கத்தில் அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, பட்டுச்சேலைக்கு மேல் குளிர் ஜக்கெட் போட்டுக்கொண்டு நடுங்குவார். மண்டபம் பூட்டியிருக்கும். நாலைந்து கலியாணத்துக்குப் பிறகு கலியாண வீட்டுக்காரர் யோசித்தார்கள். எப்படியும் இவர்தான் முதலில் வரப்போகிறார் என்று மண்டபத்தைத் திறக்கிற சாவியை, எங்கள் பாஷையில் திறப்பையே, இவரிடம் கொடுக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு எங்கள் பக்கத்துக் கலியாணம் எல்லாவற்றுக்கும் கதிரை அடுக்கியது இந்த விருந்தாளிதான்.

"அண்ணை, கதிரைக்கு எவ்வளவு எண்டு சம்பளம் பேசினீங்களோ?" என்று கேட்டேன்.

"ஒன்பது மணியெண்டு எழுதிக் கிடக்கெல்லோ, தம்பி."

"எழுதிறது ஒன்பது. வாறது பதினொண்டு."

"அப்ப பதினொண்டு எண்டு எழுதியிருக்கலாமே. அச்சடிக்கிறவன் ஒரு எழுத்துக்கு மறுப்புச் சொல்லியிருக்கமாட்டான்."



எனக்கும் அவருக்கும் தொழில் ஒட்டு வந்தது ஒரு வள்ளத்தால். ஒரு டெனிஷ்காரரிடம் விளையாட்டுக்கு வாங்கிய பழைய பிளாஸ்டிக் வள்ளம் என்னிடம் இருந்தது. அவரிடம் ஓர் இடம் இருந்தது. இடம் என்றால் நிலம் இல்லை, தண்ணீர்.

கிரின்ஸ்டெட்டிலிருந்து மேற்கே காரில் போனால் ஒரு ஃபியோர்ட் வரும். கடல் நிலத்துக்குள் நுழைந்து படுத்துக் கிடக்கிற மாதிரி. அதற்குள் ஓர் ஆறு வந்து விழுகிறது. வசந்தத்தில் சால்மன் மீன் கடலிலிருந்து ஃபியோர்டுக்குள் வந்து அந்த ஆற்றைத் தேடும். சால்மனை இங்கே லாக்ஸ் என்பார்கள், நாங்களும் அப்படியே. அதை விற்பனைக்குப் பிடிக்க அந்தத் தண்ணீரில் சில வலை இடங்கள் மட்டும் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சொந்தக்காரர். வேறு ஒருவருக்கு வேண்டும் என்றால் வரிசையில் பெயரைப் பதிந்துவிட்டு, யாராவது விலகும்வரை காத்திருக்க வேண்டும்.

அவர் ஆறு வருடம் காத்திருந்து வாங்கினார். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள், நான் கேட்காமலே சொன்னார்:

"அகதி முகாமிலை அவை காட்டின கட்டிலிலை படுத்தன். பேந்து கொமூன் நகரசபை காட்டின வீடு. பேந்து அவை அனுப்பின கோழித் தொழிற்சாலை. ஒண்டும் குறை சொல்லேல்லை, எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஆனால் நானாக் கேட்டு எடுத்தது இந்த இடம் ஒண்டுதான்."

சொல்லிவிட்டு, "உந்த முடிச்சை அறுக்காதேயும், அவிழும்" என்றார்.

ஒவ்வொரு வருடமும் இரண்டாம் மாதம் அரசாங்கத்து மீன்பிடிக் கந்தோரிலிருந்து ஒரு கடதாசி வரும். அந்த வருடத்து லாக்ஸ் எந்த நாள், எத்தனை மணிக்குத் திறக்கும். வலைக் கண் எவ்வளவு அகலம். மிதவையில் இலக்கம் எந்த உயரத்தில் எழுதவேண்டும். எந்த நீளத்துக்குக் குறைந்த மீனைத் திரும்ப விடவேண்டும். முழு ஃபியோர்டுக்கும் சேர்த்து எத்தனை மீன் பிடிக்கலாம். அந்த எண்ணிக்கை நிரம்பினால் எல்லோருடைய கைபேசிக்கும் செய்தி வரும், அதோடு பூட்டு. மற்றவர்கள் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு காரில் எறிந்துவிடுவார்கள். இவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுவார்.

'உயிர்காப்பு அங்கியை வள்ளத்தில் ஏறும் முன் அணிய வேண்டும்' என்று அதில் ஒரு வரி. எவ்வளவு முன் என்று எழுதவில்லை. ஆகவே இவர் வீட்டிலேயே செம்மஞ்சள் அங்கியை மாட்டிக்கொண்டு என் காரில் ஏறுவார். வழியில் பெற்றோல் அடிக்க நிற்பாட்டினால் அந்தக் கோலத்தோடு இறங்கிப் போய்க் காசு கட்டுவார்.

"அண்ணை, பெற்றோல் செட்டிலை வெள்ளம் வந்தால் நீங்கள் ஒராள்தான் தப்புவீங்கள்."

"சிரியும், சிரியும். எழுதிக் கிடக்கு."

என்னால் சும்மா இருக்க முடியாது என்பது உண்மை. ஒரு முறை வேறொரு இலக்கத்திலிருந்து நல்ல டெனிஷ் பாஷையில் அவருக்குச் செய்தி அனுப்பினேன்: லாக்ஸ் மீன்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருப்பதால் திறப்பு ஒரு கிழமை பின்போடப்படுகிறது. இன்னொரு முறை, இந்த வருடம் மீனை வால் சேர்க்காமல் அளக்கவேண்டுமாம் என்று மிகவும் கவலையான முகத்தோடு சொன்னேன். இரண்டு முறையும் அவர் கந்தோருக்குப் போன் அடித்துக் கேட்டார். அங்கே தொலைபேசி எடுக்கிற பெண்ணுக்கு அதன் பிறகு என் பெயர் மனப்பாடம்.

நான் சேர்ந்த முதல் வருடம் எங்களுக்கு ஒரு மீனும் கிடைக்கவில்லை. கிடைத்தது கடல்நாய்க்கு. பக்கத்துக் கல்லில் கிடக்கிற ஒரு கொழுத்த கடல்நாய் வலையில் பட்ட லாக்ஸை வயிற்றோடு தின்றுவிட்டுத் தலையை எங்களுக்கு மிச்சம் வைத்தது. அவர் அந்தத் தலையை அளந்தார். அளந்துவிட்டுக் கந்தோருக்கு அடித்து, தலையைக் கரை சேர்த்தால் கணக்கில் வருமா என்று மரியாதையாகக் கேட்டார். வராது என்றார்கள்.

கேட்டதற்குக் காரணம் கடதாசியின் கடைசிப் பக்கம். ஓர் இடத்துக்காரர் தொடர்ந்து இரண்டு வருடம் ஒரு லாக்ஸும் கரை சேர்க்கவில்லை என்றால் இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். தக்க காரணம் இருந்தால், அதாவது நோய், புயல், மோட்டார்ப் பழுது இப்படி ஏதாவது, பதினாலு நாளுக்குள் ஆதாரத்தோடு எழுதிக் கொடுக்கலாம்.

ஆகவே அடுத்த வருடம் ஒரே ஒரு மீனாவது வேண்டும். அந்த வருடத்துக் கடதாசி வந்தது. திறப்பு: சித்திரை, அதாவது ஏப்ரல், நடுவில் ஒரு புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணி.

அவர் குளிர்பெட்டிக் கதவையும் பக்கத்துச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரில் தொங்கியது யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தங்கச்சி வருடா வருடம் அனுப்புகிற நாட்காட்டி. புதன்: ராகுகாலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை.

அவருக்கு அதுவும் எழுதிக் கிடக்கிற சங்கதிதான். ராகுகாலத்தில் புதிய காரியம் எதையும் அவர் தொடங்கியதில்லை. வீடு வாங்கியபோது ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வீட்டுத் திறப்புத் தரவந்த விற்பனைக்காரரை, பன்னிரண்டு அடித்து அன்றைய ராகுகாலம் முடியும்வரை வாசலில் நிறுத்தி வைத்தார், அக்கா பலகாரம் கொடுத்துச் சமாளித்தாராம். கந்தோரின் சட்டம் பன்னிரண்டுக்கு முன் விடாதே என்றது. நாட்காட்டி ஒன்றரைக்கு முன் விடாதே என்றது. இரண்டையும் மீறாமல் இருக்க ஒரு வழிதான்.

"ஒண்டரைக்கு விடுவம். போன வருசம் ஒன்பது நாள் திறந்து கிடந்ததெல்லோ? ஒண்டரை மணித்தியாலத்திலை என்ன குடி முழுகிப்போகும்?"

செவ்வாய்க்கிழமை பின்னேரம் என் கைபேசியில் பஞ்சாங்கம் பார்க்கிற ஒரு செயலியைத் திறந்தேன். பகிடி செய்ய ஏதாவது அகப்படுமா என்றுதான். எந்த ஊர் என்று கேட்டது, கொடுத்தேன். நாளைக்கு ராகுகாலம் ஒன்று இருபத்துநாலு முதல் மூன்று எட்டு வரை என்று காட்டியது. முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ராகுகாலத்தைச் சூரியன் உதிக்கிறதிலிருந்து மறைகிறதுவரை எட்டாகப் பிரித்து எடுக்கிறார்கள். ஊரில் சூரியன் ஏறக்குறைய ஆறுக்கு வந்து ஆறுக்குப் போகும். இங்கே அது தன் விருப்பத்துக்கு வந்து போகிறது. போதாததற்குக் கோடைக்கு மணிக்கூட்டை வேறு ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தார்கள்.

காரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் பறந்தேன்.

"அண்ணை, நாளைக்குப் பன்னிரண்டுக்கு ராகுகாலம் இல்லை. ஒண்டு இருபத்துநாலுக்குத்தான் துடங்குது. திறந்த உடனை விடலாம்!"

அவர் சுவரைக் காட்டினார். "இஞ்சை என்ன போட்டிருக்கு? வாசியும்."

"அது யாழ்ப்பாணத்துப் பன்னிரண்டு அண்ணை. இஞ்சத்தைச் சூரியனுக்கு அது தெரியாது."

"லாக்ஸ் வேலைநிறுத்தம் எண்டதும் நீர்தானே?"

"அது பகிடி. இது உண்மை."

"வால் இல்லாமல் அளக்கிறது?"

"அதும் பகிடி. ஆனால் இது..."

"உம்மடை பகிடிக்கும் உண்மைக்கும் ஒரே முகம், தம்பி. நான் எதைப் பாத்துக் கண்டுபிடிக்கிறது?"

கைபேசியை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு வடிவாக வாசித்தார்.

"வேலைநிறுத்தமும் கைபேசியிலைதான் வந்தது" என்று திருப்பித் தந்தார். "கடதாசியிலை கொண்டு வாரும், பாப்பம்."

இரவோடு இரவாக ஒரு பஞ்சாங்கத்தை அச்சடிக்க எனக்கு வழி இல்லை.

புதன் பதினொன்றரைக்கே எங்கள் இடத்தில் நின்றோம். வெயில், காற்றே இல்லை. பன்னிரண்டு அடித்ததும் நாலா பக்கமும் வள்ளங்களிலிருந்து வலை இறங்குகிற சத்தம் கேட்டது. எங்களுடைய வலை வள்ளத்துக்குள் சுருண்டு கிடந்தது. அவர் மீன் பெட்டியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து, கைமணிக்கூட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். பக்கத்து இடத்துக்காரர் யென்ஸ், சிவந்த முகக் கிழவர், தன் வள்ளத்திலிருந்து கத்தினார்.

"மோட்டார் பிழையா?"

"இல்லை, கிரகம் பிழை!" என்று நானும் டெனிஷில் கத்தினேன்.

அவர் விளங்கிய மாதிரிப் பெருவிரலை உயர்த்தினார். ஒரு மணிக்கு முன்னமே அவருடைய வலையில் இரண்டு லாக்ஸ் துள்ளியதை நாங்கள் இருவரும் பார்த்தோம். இருவரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

"அண்ணை."

"இன்னும் முப்பத்திரண்டு நிமிசம்."

"அண்ணை, சத்தியமா நேற்றுச் சொன்னது உண்மை."

"வேலைநிறுத்தத்துக்கும் சத்தியம் பண்ணினனீர்."

பண்ணியிருந்தேன்.

சரியாக ஒன்றரைக்கு எழும்பி, வலையின் முனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தண்ணீரில் விட்டார். உண்மையான ராகுகாலம் தொடங்கி அப்போது ஆறு நிமிடம்.  இரண்டு வலையையும் விட்டு முடித்தபோது அவருடைய முகத்தில் ஒரு பிழையும் செய்யாத ஆளின் நிம்மதி இருந்தது.

அந்த வருடம் லாக்ஸ் கூட்டமாக வந்துவிட்டது. ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. மூன்று நாற்பதுக்கு இருவருடைய கைபேசியும் ஒன்றாகச் சத்தம் போட்டன. எண்ணிக்கை நிரம்பிவிட்டது. லாக்ஸ் பூட்டு. ஆறு மணிக்குள் வலைகளை எடுக்கவும். இந்தச் செய்திக்குப் பிறகு வலையில் உயிரோடு இருக்கும் மீனைத் திரும்ப விடவும்.

அவர் என்னைப் பார்த்தார்.

"இது நான் இல்லை அண்ணை" என்றேன்.

முதல் வலை வெறுமை. இரண்டாவதை இழுக்கப் பாரமாக வந்தது. ஒரே ஒரு லாக்ஸ், என் கை நீளத்துக்கு, வெள்ளித் தகடு மாதிரி. அளவுக்கு எந்தக் குறையும் இல்லை. செவுள் மூடித் திறந்துகொண்டிருந்தது.

"அண்ணை, இது மூண்டு மணிக்கே பட்டது. களைச்சுப்போன முகத்தைப் பாருங்கோ."

"உயிரோடை கிடக்கு."

"இன்னும் கொஞ்ச நேரம் இப்பிடியே கதைச்சுக்கொண்டிருந்தால் செத்துப்போகும். அப்ப ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாது."

ஒரு கணம் அவருடைய கை நின்றது. நான் பார்த்தேன், நின்றது. பிறகு மீனின் செட்டையில் சிக்கியிருந்த கண்ணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அறுத்தால் கெதியாக முடியும், ஆனால் அவிழ்த்தார். வள்ளத்தின் ஓரத்தில் குனிந்து, அது தன் பாட்டில் மூச்சு விடுகிற மட்டும் தண்ணீருக்குள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் இடம் வாலை ஒரு தரம் அடித்துவிட்டுப் போனது.

கரையில் யென்ஸ் காத்து நின்றார். விசயம் அவருக்குத் தெரிந்திருந்தது. "மோட்டார்ப் பழுது என்று எழுதுங்கள்" என்றார். "நீங்கள் ஒன்றரை மணித்தியாலம் சும்மா மிதந்ததை நான் பார்த்தேன். சாட்சிக் கையெழுத்து நான் வைக்கிறேன்."

அன்று பின்னேரம் அவருடைய சமையலறை மேசையில் படிவம் விரிந்து கிடந்தது. 'மீன் கரை சேர்க்காததற்கான காரணம்' என்று ஒரு பெட்டி.

"வள்ளமும் என்ரை, மோட்டாரும் என்ரை" என்றேன். "அது பழுதெண்டு நான் சொன்னால் பழுதுதான். எழுதுங்கோ."

"நல்லாத்தானே ஓடினது."

"உங்களுக்கு என்ரை மோட்டாரிலை என்ன இவ்வளவு பாசம்?"

வயோதிபர் இல்லத்து வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றாமல் நின்ற அக்கா என் பக்கம்தான். "இஞ்சாருங்கோ, ஒரு சொல்லுத்தானே. எழுதிவிடுங்கோவன்."

அவர் பெட்டிக்குள் டெனிஷ் எழுத்தில் 'ராகுகாலம்' என்று எழுதினார். எழுதிவிட்டு, இதற்கு எப்படி ஆதாரம் கொடுப்பது என்று கேட்கக் கந்தோருக்கு அடித்தார். அந்தப் பெண் அது ஒரு வகைப் புயலா என்று கேட்டாளாம். இருபது நிமிடம் விளங்கப்படுத்தினார். கடைசியில் அவள், சமயக் காரணத்தையும் பரிசீலிக்கலாம், ஆனால் உங்கள் சமயத்தவரிடமிருந்து எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றாள். எழுத்தில் என்றதும் அவருடைய முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். ஐயர் கதையைக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு கடதாசியோடு வந்தார்.

"புதன் ஒண்டு இருபத்துநாலிலையிருந்து மூண்டு எட்டு மட்டும். இது டென்மார்க் கணக்கு. வருசா வருசம் அடிச்சு வாசலிலை வைக்கிறனாங்கள். நீங்கள் எடுக்கிறேல்லையோ?"

"வீட்டிலை கலண்டர் இருக்குதெண்டு..." என்றார் அவர்.  கடதாசியை வாங்கி, கோயில் முத்திரையைப் பார்த்து, நேரத்தை இரண்டு தரம் வாசித்து, பிறகு என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கேயோ பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு பகிடி வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். என் வாழ்க்கையில் அப்படி விழுங்கியது குறைவு.

 காரில் அந்தக் கடதாசியை வைத்துத் தனக்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். வீட்டுத் திறப்பு வாங்கிய வெள்ளிக்கிழமை, ஆனி மாதம், பன்னிரண்டு ஐந்து. ராகுகாலத்துக்கு உள்ளுக்குள்தான். வீடு போய்ச் சேர்ந்ததும் அலுமாரியைத் திறந்து கலியாண எழுத்துப் பத்திரத்தை எடுத்தார். கொமூனில் பதிவு, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கு வரச்சொன்னவர்களிடம் மன்றாடிப் பன்னிரண்டேகாலுக்கு மாற்றியிருக்கிறார்.

"அப்ப எங்கடை எழுத்து ராகுகாலத்திலையோ நடந்தது?" என்றார் அக்கா.

"ஓம்."

அக்கா சிரிக்கத் தொடங்கினார். கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் எப்பவோ நினைச்சனான்!"

"என்ன நினைச்சனீர்?" என்று அவர் உண்மையாகவே கேட்டார்.

"ஒண்டுமில்லை. சாப்பிட வாங்கோ."

அவர் வரவில்லை. நாட்காட்டிக்கு முன்னால் நின்றார். "முப்பது வருசம்" என்றார். "முப்பது வருசமா நல்ல நேரத்திலை குந்தியிருந்திட்டு, கூடாத நேரம் பாத்து எழும்பிப் போயிருக்கிறன்."

நான் கடைசி முயற்சி செய்தேன். "அண்ணை, ஐயற்றை கடதாசியை விடுங்கோ. இந்தக் கலண்டரைக் கிழிச்சு வையுங்கோ. பன்னிரண்டு, ஒண்டரை எண்டு வடிவா அச்சிலை கிடக்கு. டெனிஷ்காரருக்கு ஊர் வித்தியாசம் தெரியப்போகுதோ?"

"பிழையான கடதாசி எண்டு தெரிஞ்ச பிறகோ?"

அவ்வளவுதான். ஐயரின் கடதாசியை மொழிபெயர்த்து இணைத்தார். கூடவே தன் கையால் ஒரு கடிதமும் எழுதினார். எனக்குக் காட்டவில்லை.

மூன்று கிழமையில் பதில் வந்தது. என்னையும் கூப்பிட்டு, அக்காவையும் இருத்தி, நின்றபடி வாசித்து வரி வரியாகத் தமிழில் சொன்னார்:

"'இணைக்கப்பட்ட ஆவணத்தின்படி, விண்ணப்பதாரர் குறிப்பிடும் தடைநேரம் அன்று பதின்மூன்று இருபத்துநாலுக்கே ஆரம்பமாகிறது. ஆகவே பன்னிரண்டிலிருந்து அந்நேரம் வரை வலை விடுவதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. மேலும், விண்ணப்பதாரர் வலை விட்ட பதின்மூன்று முப்பது, அவருடைய சொந்த விதிமுறையின்படியே தடைநேரத்துக்குள் வருகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'"

நான் அந்தக் கந்தோரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"வடிவா வாசிச்சிருக்கினம்" என்றார். "ஒரு வரியும் விடேல்லை, பாரும். நிமிசம் நிமிசமாப் பாத்திருக்கினம்."

"அண்ணை, இடம் போயிட்டுது!"

"ஓம், இடம் போயிட்டுது." கடிதத்தை மடித்தார்.  மடிப்பு நேராக விழுந்தது.

அவர் முகம் கழுவப் போன நேரம் உறைக்குள் இருந்த மற்றத் தாளை எடுத்துப் பார்த்தேன். அவருடைய கடிதத்தின் பிரதி. கடைசிப் பந்தியில் என் பெயர் முழுதாக, பிழையில்லாமல். 'என்னோடு வள்ளத்தில் இருந்தவர் சரியான நேரத்தை முதல் நாளே எனக்குச் சொன்னார். அவர் வழக்கமாகப் பகிடி விடுகிறவர் என்பதால் நான் நம்பவில்லை. இதில் அவருக்குப் பொறுப்பு இல்லை. பிழை என்னுடையது.' டென்மார்க்கில் ஏதோ ஒரு கந்தோரின் கோப்பில் நான் உண்மை சொன்னவன் என்று இப்போதும் எழுதிக் கிடக்கிறது. இரண்டு நாட்டுப் பள்ளிக்கூடமும் எனக்கு அப்படி ஒரு பத்திரம் தரவில்லை.

அந்த ஒரு பந்தியை அவர் எழுதாமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால், தெரியாமல் நடந்த தவறு என்று பார்த்து ஒரு வருடம் கூடக் கொடுத்திருப்பார்களோ என்னவோ. யென்ஸ் அப்படித்தான் சொன்னார்.

முகம் துடைத்துக்கொண்டு வந்தவர் உடனே கந்தோருக்கு அடித்தார். சண்டைக்கு இல்லை. வரிசையின் கடைசியில் தன் பெயரைத் திரும்பப் பதியச் சொல்லி. முன்னால் பதின்மூன்று பேர் நிற்கிறார்கள் என்றாள் அந்தப் பெண். பரவாயில்லை என்றார்.

"அறுபது தாண்டி வலை இழுக்கப்போறாராம்" என்று அக்கா என்னிடம் சொன்னார். பகிடியாகத்தான் சொன்னார். கண் அப்படி இல்லை.

அடுத்த வருடம் மகளுக்குப் பிள்ளை பிறந்து இருவரும் அவள் இருக்கிற இஷொய்க்குப் போய்விட்டார்கள். அங்கேயிருந்து எங்கள் ஃபியோர்டுக்கு நாட்டின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரவேண்டும். போகும்போது கேட்டேன், இனி வரிசையிலை இருந்து பேரை எடுக்கலாமே என்று. வருடா வருடம் தை மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் அவர்களே எடுத்துவிடுவார்கள், அப்படித்தான் எழுதிக் கிடக்கிறது என்றார். புதுப்பிக்கிறாரா என்று போன கிழமை கந்தோருக்கு அடித்துக் கேட்டேன். தொலைபேசி எடுத்தது அதே பெண். என் பெயரைச் சொன்னதும், இது பகிடியா என்று கேட்டாள். பிறகு பார்த்துச் சொன்னாள்: ஒவ்வொரு தையும் முதலாம் திகதி, ஆங்கிலப் புதுவருடத்துக்குக் கந்தோர் பூட்டியிருக்கிற நாளிலேயே மின்னஞ்சல் வந்துவிடுகிறதாம். இப்போது அவருக்கு முன்னால் ஒன்பது பேர்.

எழுதி முடித்ததை வைலேயில் இருக்கிற என் கூட்டாளிக்கு அனுப்பினேன். அண்ணையை அவனுக்கும் தெரியும், என்னை இன்னும் நன்றாகத் தெரியும். கால் மணித்தியாலத்தில் பதில் வந்தது:

"முதல் அண்ணைக்கு அனுப்படா, அவர் ஓமெண்டால் நானும் நம்புறன்."